கதவைக் கறந்த வெள்ளத்தாய்

முன்பொரு காலத்தில் ராஜா இல்லாத ஊர் ஒன்று இருந்தது. ராஜாவை வைத்துச் சோறு போட அந்த ஊருக்கு வசதி இல்லை. பேர் மந்தைக்கரை. அங்கே மாடு உண்டு, மாட்டுக்கு வைக்கோல் உண்டு, வைக்கோலுக்காகச் சண்டை போட மனிதர்களும் உண்டு. வேறு பெரிதாக ஒன்றும் கிடையாது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பதினோரு வயதில் காது குத்தும்போது தாய்மாமன் ஒரு கிடாரிக் கன்று கொடுப்பான். அந்தக் கன்று பிள்ளைக்கே சொந்தம். அப்பா விற்க முடியாது, அம்மா விற்க முடியாது, கொடுத்த மாமனே வந்து கேட்டாலும் கிடைக்காது. அது வளர்ந்து, ஈன்று, நாலு உருப்படியாகப் பெருகும்போது பிள்ளையும் தன் காலில் நிற்கும். பிள்ளையே மனசு வைத்து அதை யாருக்காவது தூக்கிக் கொடுத்தால் தடுக்கலாமா என்று வழக்கத்தில் சொல்லவில்லை. அப்படியொரு முட்டாள் பிறப்பான் என்று முன்னோர்கள் நினைக்கவில்லை, பாவம்.

வெள்ளத்தாய்க்கு வயது பதினைந்து. அவளுடைய மாமன் கொடுத்த கன்று இப்போது முதல் ஈற்றுப் பசு. செவலை என்று பேர். வெள்ளத்தாய் கையைத் தவிர வேறு கை பட்டால் செவலை உதைக்கும், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு நாள் அலங்காரம் என்ற வியாபாரி மூன்று வண்டிகளோடும் ஒரு தமுக்குக்காரனோடும் மந்தைக்கரைக்கு வந்து, வாய்க்கால் ஓரம் கூடாரம் போட்டான். வண்டி நிறையக் கதவுகள். வீட்டுக்கு வைக்கிற கதவு என்று நினைத்துவிடாதீர்கள். ஆளுக்கு மாட்டுகிற கதவு. தோளில் மாட்ட இரண்டு வார், முகத்துக்கு முன்னால் பலகை, பலகையில் ஒரு தாழ்ப்பாள்.

அலங்காரம் பேசத் தொடங்கினான். "வீட்டுக்குக் கதவு இருக்கு. தொழுவத்துக்குக் கதவு இருக்கு. கோழிக்கூட்டுக்குக்கூடக் கதவு இருக்கு. உனக்கு இருக்கா, தம்பி?"

இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் இல்லை. அதுவரை அது ஒரு குறையாக யாருக்கும் தெரிந்ததில்லை. அந்த நிமிஷத்திலிருந்து தெரிந்தது. பெரியவர்களுக்கு இதன் அருமை புரியாது என்றும் அவன் சொல்லிவைத்தான். பாதிக் கதவுகள் அந்த ஒரு பேச்சிலேயே விற்றுப்போயின.

விலை அதிகமில்லை. காதுகுத்துக் கன்று போதும் என்றான்.

இன்னும் மூன்றே மூன்று கதவுகள்தான் பாக்கி என்று காலையில் தமுக்கு அடித்தார்கள். மத்தியானமும் மூன்றே மூன்று. சாயங்காலமும் மூன்றே மூன்று. எடுக்க எடுக்கக் குறையாத அந்த மூன்றைப் பற்றி ஒருவரும் சந்தேகப்படவில்லை. மாடு ஓட்டத் தெரிந்த அளவுக்கு எண்ணத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், ஆசை வந்தால் யாருக்குமே எண்ணிக்கை மறந்துபோகும்.

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட விதத்தைக் கேளுங்கள். கதவு மாட்டியவனிடம் பேச வேண்டுமானால் தட்ட வேண்டும். மனசிருந்தால் திறப்பான். சாப்பிடும்போது கதவைத் திறந்து ஒரு வாய் வாங்கிக்கொண்டு மூடுவான். தெருவில் எதிரெதிரே வந்தவர்கள் கதவோடு கதவு மோதி, மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். தலையாரி மகன் நேரே நடந்து வாய்க்காலில் விழுந்தான். தூக்கிவிடப் போனவர்களும் தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பத்து நாள் கழித்து மணி வைத்த கதவு வந்தது. மணி இல்லாத கதவுக்காரர்கள் வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டார்கள். கொடுக்க வேறு கன்று இல்லாததால் மாமன் போட்ட கடுக்கனைக் கழற்றிக் கொடுத்து மணி வாங்கினார்கள். வாங்கிய கிடாரிகளை எல்லாம் அலங்காரத்தின் ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

வெள்ளத்தாய் மட்டும் வாங்கவில்லை. அவள் பெரிய ஞானி என்பதால் அல்ல. செவலையை விட மனசில்லை, அவ்வளவுதான். ஆனால் அவளுடைய சிநேகிதி சுடலி, தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கூட இருந்தவள், மணி வைத்த கதவை மாட்டியபின் இவளுக்குத் திறப்பதே இல்லை. கதவு இல்லாதவர்களோடு கதவு உள்ளவர்கள் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வெள்ளத்தாய் போய்த் தட்டினாள்.

"நீயும் ஒண்ணு வாங்கிட்டு வாட்டி, பொறவு பேசுவோம்" என்று பலகைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அது வெள்ளத்தாய்க்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போனாள், செவலையை அவிழ்த்தாள், கன்றையும் பிடித்துக்கொண்டு அழுதபடியே கூடாரத்துக்கு நடந்தாள்.

அலங்காரத்துக்கு வந்ததெல்லாம் அதுவரை ஈனாத கிடாரிகள். கறவைப் பசு இதுதான் முதல். சுற்றிச் சுற்றி வந்தான், பல்லைப் பார்த்தான், மடியைத் தட்டினான். பிறகு, "பாப்பா, கறவை மாட்டை மூணு வேளை கறந்து பாத்துத்தான் எடுப்பேன். அதுதானே உங்க ஊர் முறை?" என்றான்.

உண்மைதான். மந்தைக்கரையில் கறவை மாட்டை அப்படித்தான் வாங்குவார்கள். மூன்று வேளைக்குள் ஒரு தரப்புக்குத் திருப்தி இல்லாவிட்டாலும் மாடு கயிற்றோடு திரும்பிவிடும். பெற்ற அப்பனிடம் மாடு வாங்கினாலும் அந்த ஊரில் இதை விடமாட்டார்கள். அப்பேர்ப்பட்டவர்கள், கதவை மட்டும் தமுக்குச் சத்தம் அடங்குமுன் வாங்கினார்கள்.

வெள்ளத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணாச்சி. நீங்க மாட்டைக் கறங்க, நான் கதவைக் கறக்கேன். மூணு வேளை கழிச்சுப் பேசுவோம்."

கூடாரமே சிரித்தது. அலங்காரம்தான் எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தான். தன் கதவின் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. மணி வைத்ததாகவே ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

முதல் வேளை. சாயங்காலம் வெள்ளத்தாய் தொழுவத்துத் தூணில் கதவைக் கட்டினாள், செம்பை வைத்துக்கொண்டு அதன் முன்னால் குந்தினாள். பேச்சு என்றால் பேச்சு. பலகையை மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. ஆனால் அவிழ்த்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் ஊரே வந்து தட்டியது. சுடலி மூன்று முறை தட்டினாள். பொய் சொல்வானேன், வெள்ளத்தாய் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

இரண்டாம் வேளை. காலையில் மறுபடி குந்தினாள். மடி இருக்க வேண்டிய இடத்தில் பலகை இருந்தது, கட்டைவிரலில் சிராய் ஏறியது. அன்று தட்டியவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் வீடு மாறி வந்தவர்.

மூன்றாம் வேளைக்கு முன்பே தமுக்குச் சத்தம் கேட்டது. அலங்காரம் புதுசு இறக்கியிருந்தான். கதவே இல்லாத வெறும் நிலை. நாலு சட்டம், நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் விலை அதிகம் என்றான். கதவுகளை வாய்க்காலில் வீசிவிட்டு ஊர் இளவட்டம் ஓடியது. மிச்சமிருந்த கடுக்கனும் போனது, தம்பி தங்கைகளிடம் கெஞ்சி வாங்கிய சில கிடாரிகளும் போயின.

சுடலி கழுத்தில் நிலையை மாட்டிக்கொண்டு அந்த வழியே வந்தாள். முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. "இன்னுமா கதவு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளத்தாய்க்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே ஓடிப்போய் இதைக் கொடுத்துவிட்டு நிலையை வாங்கிவிடலாமா என்று வாரைப் பிடித்துவிட்டாள். ஆனால் பால் கறக்கும் நேரம் ஆகியிருந்தது. வேறு எது தப்பினாலும் அந்த நேரம் அவளுக்குத் தப்பாது. கதவைத் தூணில் கட்டிச் செம்போடு குந்தினாள்.

செம்பில் ஒன்றும் இல்லை. அது எதிர்பார்த்ததுதான். அவளை உலுக்கியது வேறு. நேற்று சாயங்காலம் இருந்த ஆசையைத் தேடிப் பார்த்தாள், அதுவும் இல்லை. பலகை நேற்றைய பலகைதான், மணி நேற்றைய மணிதான். ஆசை மட்டும் வற்றியிருந்தது. நிலையை வாங்கினாலும் நாளை மறுநாள் இப்படித்தான் குந்தியிருப்போம் என்று அவளுக்கு விளங்கியது. கதவைத் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள்.

அலங்காரம் நொண்டிக்கொண்டு வந்தான். மூன்று வேளையும் உதைபட்டிருந்தாலும் கிடைத்த பாலைப் பார்த்துவிட்டதால் செவலையை விட மனசில்லை. நிலை தருகிறேன் என்றான், மணி வைத்த நிலை தருகிறேன் என்றான், இரண்டு நிலை தருகிறேன் என்றான்.

வெள்ளத்தாய் மாட்டை அவிழ்த்தபடியே சொன்னாள். "குடுங்க அண்ணாச்சி, அதையும் மூணு வேளை கட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் செவலை எங்க தொழுவத்துல நிக்கட்டும்."

சுற்றி நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலையாரி மகன் கழுத்திலிருந்த நிலையைக் கழற்றினான். நிமிர்த்தி வைத்தான். எங்கிருந்தோ ஒரு செம்பைப் பிடுங்கி வந்து அதன் முன்னால் குந்தினான். நானும் இன்னும் கறந்து பார்க்கவில்லை என்றான். அவன் பக்கத்தில் இன்னொருவன் குந்தினான். பிறகு வரிசையாக எல்லாரும் குந்தி, மரமே இல்லாத இடத்தை இரண்டு கையாலும் இழுத்து இழுத்துக் கறந்தார்கள்.

அலங்காரம் எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூன்று வேளை பொறுக்கிற ஊரில் அவன் சரக்கு எதுவும் மூன்று வேளை நிற்காது, அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்று வாங்கிய கிடாரிகளையும் கடுக்கன்களையும் அங்கேயே வைத்துவிட்டு வண்டியைக் கட்டினான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனவை போனவைதான். சுடலி முதல் நாளே கொடுத்த கிடாரியும் அதில் ஒன்று.

அவள் வெறுங்கயிற்றோடு வெள்ளத்தாயின் தொழுவத்துக்கு வந்தாள். செவலை கன்றை நக்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மறுநாக் காலையிலயே எனக்குக் கதவு பிடிக்கலட்டி. மாடு அப்போ இக்கரையிலதான் நின்னுச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வெள்ளத்தாய் கறந்த பாலைச் செம்போடு அவள் கையில் கொடுத்தாள். சுடலி குடிக்காமல் அழுதாள்.

ஆகவே பிள்ளைகளே, மூன்று வேளையில் வற்றிப்போகிற ஆசைக்காக, வருஷக்கணக்காய் வளர்த்ததைக் கொடுத்துவிடக் கூடாது.