தெரிந்தே போட்ட கையெழுத்து

“கண்ணை மூடினா ஒரு முகம் வந்து நிக்குதும்மா. என்ன மந்திரம் சொன்னா போகும்?” என்று கேட்டார் அருள்நம்பி.

அந்த மலையடிவார ஆசிரமத்துக்கு அவர் வந்து எட்டு மாதம். கோட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்துநான்கு. குரு தவமணி அம்மைக்கு நாற்பதுகூட இருக்காது.

“யார் முகம்?”

“சேவுகன்னு ஒருத்தர். ஆத்துல மணல் அள்ளின லாரிகளை மறிச்சவர். ஊர் அமைதிக்கு ஆபத்தானவர்னு உத்தரவு போட்டு உள்ளே தள்ளினேன். ஜெயில்லயே செத்துட்டார்.”

“ஆபத்தானவரா?”

“மேலிடத்திலேருந்து போன் வந்தது...”

“நான் அதைக் கேக்கலை.”

“இல்லம்மா. நல்ல மனுஷன். கிராம அலுவலரும் அப்படித்தான் அறிக்கை கொடுத்தார். அதை ஃபைல்லேருந்து உருவி வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். இன்னும் என் பீரோவுலதான் இருக்கு.”

“யாரும் கேக்கலையா?”

“அவர் சம்சாரம் வழக்குப் போட்டாங்க. அதிகாரி மேல வழக்கு நடத்த அரசாங்கம் அனுமதி கொடுக்கணும். நாலு வருஷமாக் கொடுக்கலை. அந்தம்மா மாசாமாசம் கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட வரிசையில நிக்கிறாங்க.”

“நீங்க?”

“இங்கே வந்துட்டேன். செஞ்ச பாவத்தைக் கடவுள் பார்த்துக்கட்டும்னு...”

“கையெழுத்துப் போட்டது நீங்க! கடவுளை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?”

அம்மை குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. சமையற்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மை உள்ளே போய்த் தாள்களும் பேனாவும் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

“நடந்ததை நீதிபதிக்கு எழுதுங்க.”

அருள்நம்பி மளமளவென்று எழுதினார். முப்பது வருடப் பழக்கம்.

‘அப்போதைய சூழ்நிலையைக் கருத்தில் கொண்டு மேற்படி நபர் காவலில் வைக்கப்பட்டார்.’

அம்மை படித்தாள்.

“வைக்கப்பட்டாரா? யார் வச்சது?”

கிழித்தாள்.

மறுபடி எழுதினார். ‘மேற்படி உத்தரவு பிறப்பிக்கப்பட நேர்ந்தது.’

“நேர்ந்ததா? மழை பெஞ்ச மாதிரியா?”

அதுவும் கிழிந்தது.

மூன்றாவது தாளில் ‘நான்’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது. எத்தனையோ ஃபைல்களில் எத்தனையோ பக்கம் எழுதியவர். அந்தச் சொல்லை மட்டும் ஒன்றிலும் எழுதியதில்லை.

அம்மை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

‘நான், பொய் என்று தெரிந்தே, கையெழுத்திட்டேன்.’

எழுதியதைப் படித்துப் பார்த்தார்.

“இதைக் கொடுத்தா என்னை ஜெயில்ல போட்டுடுவாங்கம்மா.”

“போடணும்.”

“இந்த வயசுல அங்கே எப்படி இருப்பேன்?”

“சேவுகனுக்கு என்ன வயசு?”

உத்தரவில் வயது என்ற இடத்தை நிரப்பியது அவருடைய கைதான்.

“எழுபத்தொண்ணு.”

“அதையும் எழுதுங்க.”