மாடியே இல்லாத வீடு

ஆலங்கோட்டை சமஸ்தானத்தில் வீட்டை விற்றால், வாங்கின விலையும் கட்டின செலவும் போக மிஞ்சும் லாபத்தில் கால் பங்கு வரி. பணியாரம் விற்கும் செங்கமலம், ஆயிரம் வராகனுக்கு வாங்கி, எண்ணூறில் மாடி எழுப்பி, பன்னிரண்டு வருஷம் வாடகைக்கு விட்ட வீட்டை இரண்டாயிரத்துக்கு விற்றாள். லாபம் இருநூறு, வரி ஐம்பது. மீதியை அப்படியே கொடுத்து ஒரு கடை வாங்கப் பேசி முடித்திருந்தாள்.

வரி அதிகாரி சபாபதியார் ஆனை பிளிறுகிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

“மாடிக்குக் கொத்தனார் ரசீது எங்கே?”

“அவர் செத்து ஏழு வருஷமாச்சுங்க எசமான். எல்லாம் வாய்ப்பேச்சுதான்.”

“ரசீது இல்லையா, மாடியும் இல்லை! லாபம் ஆயிரம், வரி இருநூற்றைம்பது!”

“கடை கைவிட்டுப் போயிடுமே எசமான்!”

“போகட்டுமே!”

செங்கமலம் மூக்கை உறிஞ்சினாள். “சரிங்க. அந்த வீட்டுக்கு மாடியே கிடையாதுன்னு எழுதிக் கொடுங்க, வரியைக் கட்டிடறேன்.”

அவர் ஜோராக எழுதி, டப்பென்று முத்திரை குத்தினார். அதை வாங்கி மடித்துக்கொண்டவள், மடியிலிருந்து பன்னிரண்டு சீட்டுகளை எடுத்துப் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் ‘மாடி வாடகைக்கு வரி, நாற்பது வராகன்’ என்று அவருடைய கையெழுத்து.

“இல்லாத மாடிக்கு நானூற்றெண்பது வாங்கியிருக்கீங்க. தப்பா வசூலிச்ச வரியை, வசூலிச்சவர் சம்பளத்தில் பிடிக்கணும்னு சட்டமாமே? ராஜாகிட்டே ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.”

பிளிறின தொண்டை கிசுகிசுத்தது. “இரும்மா தாயி, அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு. மாடி இருக்குது, நல்லாவே இருக்குது!”

“ரசீது இல்லையே எசமான்?”

“மாடிக்கு எதுக்குத் தாயி ரசீது? தெருவில் நின்னாலே தெரியுதே! ஐம்பதைக் கட்டிட்டுக் கிளம்பு.”