ஒரு பானை நெட்டாறு

நெட்டாறு மேல்நாட்டு மலையில் பிறந்து, கீழ்நாட்டு பூபதி ராஜாவின் மீசை நீளத்துக்கு ஓடிவந்து கடலில் விழும். அம்மாடி, அவ்வளவு பெரிய மீசை! பகைநாட்டவரான மேல்நாட்டாரை ஏற்றினான் என்று ஓடக்காரன் சடையாண்டியின் ஓடத்தை ராஜா பிடுங்கிக்கொண்டார்.

“அவனுக தண்ணி ஒரு சொட்டும் கலக்காமல் நம்ம ஆற்றுத் தண்ணி ஒரு பானை கொண்டு வாடா, ஓடம் தருகிறேன்!”

சடையாண்டி ஓடினான், வந்தான். சபையே எட்டிப் பார்த்தது. பானை நிறைய மணல்!

“என்னடா இது?”

“மலையில் பிறந்த அவங்க தண்ணியைச் சொட்டு விடாமல் வடிச்சுட்டேன், மகாராஜா. மிச்சம் நம்ம பங்கு.”

சபை குலுங்கிச் சிரித்தது. ஆத்திரத்தில் ராஜாவுக்கு விக்கல் பிடித்து, கிரீடம் எகிறி மந்திரி மடியில் விழுந்தது!

“தண்ணி! தண்ணி!”

சடையாண்டி செம்பும் கையுமாகப் பணிந்து கேட்டான்: “எந்த நாட்டுத் தண்ணி, மகாராஜா?”

“எதுவானாலும் கொடுத்துட்டு, உன் ஓடத்தை எடுத்துட்டுப் போடா!”