தலைமாட்டில் கடல்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காலையில் தெக்கிலா தன் ஆசிரியையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

ஆசிரியையின் பெயர் மதர் பெர்பெத்துவா. குருமடத்தில் மறைநூல் கற்பித்து ஓய்வு பெற்றவர். சுண்ணாம்புக்கல் வெட்டும் அந்த ஊரின் கோடியில், சபைக்குச் சொந்தமான பழைய மருந்தகக் கட்டடத்தில் தனியாக வசித்தார். அவருடைய படிப்பை ஊர் மதித்தது. அவருடைய நாவை அதைவிட மதித்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சரான தெக்கிலாவும் சிறு பெண்ணல்லள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. சனிக்கிழமைதோறும் அவரிடம் வந்து மறைநூல் படிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கவிருக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பாள்.

“ஏன் வாசல்லயே நிக்கிறே? என்ன கொண்டுவந்திருக்கே, நோயா, பாவமா?” என்றார் மதர்.

“தெரியல மதர். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“உள்ள வந்தா சொல்றேன்.”

“உள்ள சிற்றாலயத்துல நற்கருணை இருக்கு, ஆண்டவரே இருக்காரு. நான் வரல.”

மதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்காலியை வாசல்வரை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தார்.

“சரி. காட்டு.”

தெக்கிலா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கை அளவுள்ள ஒரு கல். ஆட்டுக்கிடாவின் கொம்பைப் போலச் சுருண்டிருந்தது.

“நத்தைக் கல்லு, கல்லாப் போன கடல் நத்தை. இந்த ஊர்ல பாதி வீட்டுக் கதவு காத்துல அடிக்காம இருக்கிறதே இதை முட்டுக் கொடுத்துத்தான். இதுக்கா இப்படி வெளுத்துப்போய் வந்திருக்கே?”

“இது பவுலின் தலைமாட்டுல கிடைச்சுது மதர்.”

மதர் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை.

பவுலின், தெக்கிலாவின் ஒரே மகள். புதுநன்மை வாங்க வேண்டிய வருடத்தில் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். அதற்கெனத் தைத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனிலேயே அவளை அடக்கம் செய்தார்கள். அது பழைய செய்தி. தெக்கிலாவுக்கு மட்டும் பழையதாகவில்லை.

“சிலுவை சாஞ்சிருந்துச்சு. திருநாளுக்குள்ள நிமுத்தி நடணும்னு நேத்து சாயங்காலம் போனேன். காவல்காரர் செபமாலை அண்ணனுக்குக் கை ஒழியல. கடப்பாரையை வாங்கி நானே தோண்டினேன். முழங்கை ஆழத்துல மண்ணு முடிஞ்சுபோச்சு. அதுக்குக் கீழ எல்லாம் இதுதான். ஒண்ணு மேல ஒண்ணா, அடுக்கடுக்கா.”

“கல்லறைக் காவல்காரன் என்ன சொன்னான்?”

“எட்டிப் பார்த்துச் சிரிச்சாரு. ‘டீச்சரம்மா, குழி தோண்டச் சொன்னா கடலையே தோண்டிட்டீங்களே’ன்னாரு. நோவா காலத்து வெள்ளத்துல ஒதுங்கின நத்தையாம்.”

“நீ என்ன சொன்னே?”

“ஆமாம்னேன். அப்புறம்தான் இதைப் பார்த்தேன்.”

அவள் கல்லைத் திருப்பினாள். சுருளின் வெளிவளைவில் வரிசையாகச் சிறு பள்ளங்கள் இருந்தன. பற்கள் பதிந்த இடம் என்பதைச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

“என்னவோ கடிச்சிருக்கு மதர். இது வெள்ளத்துல சாகல.” யாரோ ஒட்டுக்கேட்பதைப் போல அவள் குரலைத் தாழ்த்தினாள். “குவாரி ஆபீசர் ஒருத்தர் எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்து, இந்தக் கல்லுக்கெல்லாம் கோடிக்கணக்குல வயசுன்னு பேசினாரு. பிள்ளைங்களோட சேர்ந்து நானும் கைதட்டினேன். அன்னிக்கு அது காதோட போயிடுச்சு. நேத்துதான் உள்ள இறங்குச்சு. ஆதாம் அந்தப் பழத்தைத் தின்னறதுக்கு முன்னாடியே இதை ஏதோ தின்னிருக்கு.”

தொலைவில் குவாரியின் சங்கு ஊதியது. வெடி வைப்பதற்கு முன்பு ஊதுவது. நாள்தோறும் கேட்கும் ஓசைதான். தெக்கிலா வாசற்காலை இறுகப் பற்றிக்கொண்டாள். தரை அதிர்ந்தது. சமையலறையில் ஏனங்கள் ஒன்றோடொன்று மோதி ஓய்ந்தன.

“இந்தக் கல்லு பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயிடுறேன்.”

“கல்லு பொய்யில்லை.”

“அப்போ ஆதாம் கதை?”

மதர் கல்லிலிருந்த பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“படிக்கப் போன முதல் வருஷத்துலேருந்து.”

“எத்தனை சனிக்கிழமை வந்திருக்கேன்! ஒருநாள் சொல்லியிருக்கக் கூடாதா?”

“முதல் சனிக்கிழமையே ஆரம்பிச்சேன். நீ அந்தப் பக்கத்தைப் புரட்டிட்டு, ‘இது எனக்குத் தெரியும் மதர், அடுத்ததுக்குப் போவோம்’னே. மறந்துட்டியா?”

தெக்கிலா மறக்கவில்லை.

“உள்ளேருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறவ வீட்டுக் கதவை உடைக்கிற பழக்கம் எனக்கு இல்லை” என்றார் மதர்.

“தெரிஞ்சுக்கிட்டு எப்படித் தூங்குறீங்க?”

“சில நாள் தூங்குறதில்லை.”

தெக்கிலா வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“எங்க ஊர்க் கோயில்ல நரகத்துப் படம் ஒண்ணு மாட்டியிருந்தாங்க. ஒருத்தன் நாக்குல ஆணி அடிச்சிருக்கும். ‘சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டவன்டி அவன்’னு சிஸ்டர் காட்டிக் காட்டிச் சொல்லுவாங்க. ராத்திரி எந்திரிச்சு என் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்குவேன். நேத்தும் தொட்டுப் பார்த்தேன், இந்த வயசுல. சிலுவை அடையாளம் போடக் கை வரல மதர். நெத்தி வரைக்கும் போச்சு, நின்னுடுச்சு. நாளைக்கு ஊர் முன்னால நின்னு மரிச்சவங்களுக்காகச் செபம் சொல்ல வேண்டியவ நான்.”

“ஆணிக்குத்தான் பயமா?”

“இல்லை.” அவள் கல்லை மறுபடி முந்தானையில் முடிந்தாள். “ஆணின்னா பரவாயில்லை. அடிக்கிறதுக்கு ஒருத்தர் இருக்காருன்னு ஆகும்.”

மதர் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தார்.

“சாவு தண்டனைன்னு சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க. முதல் ரெண்டு பேர் செஞ்ச தப்பு, நமக்கெல்லாம் தண்டனை. தண்டனைன்னா கொடுத்தவர் ஒருத்தர் இருக்காரு. ஒருநாள் மனசு இரங்குவாரு. என் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாரு. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருஷம் எந்திரிச்சேன், சமைச்சேன், பாடம் நடத்தினேன். இப்போ யாரும் தப்பே செய்யாத காலத்துலயும் சாவு இருந்திருக்கு. அது சும்மா வந்ததுன்னா, யாரும் கொடுக்கலைன்னா, நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?”

“இத்தனை வருஷமா உன் பிள்ளை தண்டனையில கிடக்குறான்னு நினைச்சுக்கிட்டா படுத்தே?”

“ஆமா. அதுல எனக்கு ஒரு நிம்மதி இருந்துச்சு.”

மதர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார்.

“நட.”

“எங்க?”

“குழியைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கே. மாடு கன்னு காலை விட்டா யார் பொறுப்பு?”

ஊர்க் கல்லறையில் திருநாள் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லறைகளைத் தேய்த்துக் கழுவினார்கள். ஈரச் சுண்ணாம்பின் நெடி எங்கும் பரவியிருந்தது. வெள்ளையடித்த கையோடு செபமாலை எதிரே வந்தார்.

“மதர், உங்க இடத்தைப் பார்க்க வந்தீங்களா? சிஸ்டர்மார் வரிசையில புல்லு பூண்டு இல்லாம சுத்தமா வெச்சிருக்கேன்.”

“அவசரப்படாதே செபமாலை. பக்கத்துல படுத்திருக்கிற இஞ்ஞாசியம்மா சிஸ்டர் உயிரோட இருந்தப்பவே என்னைப் பேச விட்டதில்லை. அங்க போயும் அவங்க பேச்சையே கேக்கணுமா?”

பெண்கள் சிரித்தார்கள். தெக்கிலா சிரிக்கவில்லை. அவள் பார்வை மேற்கு மூலையில் கிடந்த ஒரு சாக்கின்மேல் இருந்தது.

பவுலினின் கல்லறை குட்டையானது. சிமென்ட் சிலுவை பக்கத்தில் படுத்திருந்தது. தலைமாட்டுக் குழியைத் தெக்கிலாவே சாக்குப் போட்டு மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தாள். பறந்துவிடாமல் வைத்ததாகத் தோன்றவில்லை. உள்ளிருந்து ஏதும் வந்துவிடாமல் வைத்ததாகத் தோன்றியது.

மதர் சாக்கை இழுத்து எறிந்தார்.

தெக்கிலா பின்வாங்கினாள்.

குழிக்குள் வெயில் இறங்கியது. சுருளுக்குள் சுருளாகக் கல் நத்தைகள் தெரிந்தன. சில முழுதாக இருந்தன. சில கடப்பாரை பட்டு உடைந்திருந்தன. அவற்றுக்குக் கீழேயும் இருந்தன.

மதர் குடையை ஊன்றிச் சிரமப்பட்டு மண்டியிட்டார். வெள்ளை அங்கியின் கையை மேலேற்றிவிட்டு, முழங்கைவரை குழிக்குள் விட்டார்.

“ஜில்லுனு இருக்கு. நீயும் வை.”

“மாட்டேன் மதர்.”

“உன் பிள்ளை வருஷக்கணக்கா இதுக்கு நடுவுலதான் படுத்திருக்கா. உனக்குக் கையை வைக்கக்கூட முடியலையா?”

தெக்கிலாவின் முகம் சுருங்கியது. அறைவதைவிடக் கொடிய சொல் அது. ஆயினும் அவள் வந்தாள். மண்டியிட்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். நீருக்குள் கை விடுபவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“இப்போ வகுப்பு எடு.”

“என்ன?”

“ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களுக்குச் சொல்றியே, அந்தக் கதை. அதைச் சொல்லு. நான்தான் பிள்ளைங்க.”

“இங்கேயா?”

“இங்கேயேதான். கையை எடுக்காதே.”

தெக்கிலா தொண்டையைச் செருமினாள். முதலில் வகுப்பறைக் குரல்தான் வந்தது.

“பிள்ளைங்களா, ரொம்ப ரொம்ப முன்னாடி ஒரு தோட்டம் இருந்துச்சு. கடவுள் மண்ணைப் பிசைஞ்சு மனுஷனைச் செஞ்சு அதுல வெச்சாரு. பார்க்க அழகான மரமெல்லாம் இருந்துச்சு. ஆறு ஓடுச்சு. மிருகங்க எல்லாம் பேர் வெச்சுக்க வரிசையா வந்துச்சு. அங்க ஒண்ணை ஒண்ணு கடிக்காது…”

குரல் நின்றது. குழிக்குள் அவள் விரல் எதன்மேலோ பட்டிருக்க வேண்டும்.

“மேல சொல்லு.”

“அங்க யாருக்கும் காய்ச்சல் வராது. ராத்திரியில அம்மாக்காரி எந்திரிச்சு நெத்தியைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. கூப்பிட்டா குரல் கேக்குற தூரத்துலதான் எல்லாரும் இருப்பாங்க.”

“இதெல்லாம் புத்தகத்துல எங்க இருக்கு?”

தெக்கிலா கண்களைத் திறந்தாள்.

“இல்லை மதர்.”

“நான் சொல்லிக் கொடுத்தேனா?”

“இல்லை. நானாச் சேர்த்துக்கிட்டேன்.”

“எப்போ?”

“பவுலின் போன பிறகு. முதல்ல காய்ச்சல் மட்டும்தான் சேர்த்தேன். மத்ததெல்லாம் வருஷா வருஷம் தானா வந்து சேர்ந்துச்சு.”

“பிள்ளைங்க யாரும் கேக்கலையா?”

“கேக்கல. கண்ணு கொட்டாம கேட்டுக்கிட்டிருப்பாங்க.”

பக்கத்துக் கல்லறையில் யாரோ ஒரு பெண் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினாள். சிமென்ட் சரிவில் அது ஓடிவந்து புழுதியில் வற்றியது.

மதர் கேட்டார்: “தெக்கிலா, முதல் முதலா இந்தக் கதையைச் சொன்னவன் எங்க இருந்து சொல்லியிருப்பான்னு நினைக்கிறே? கரும்பலகை முன்னாடியா?”

தெக்கிலா தன் கை மறைந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் கல்லறையைப் பார்த்தாள். அதன் நீளம் ஒரு சிறுமியின் நீளம்.

“அவனுக்கும் பிள்ளை செத்திருக்குமா?”

“அது எனக்குத் தெரியாது. குழி எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ காய்ச்சலைச் சேர்த்த மாதிரி அவன் தோட்டத்தைச் சேர்த்திருக்கான்.”

குவாரியின் சங்கு மறுபடியும் ஊதியது. வெடி அதிர்ந்தபோது குழியின் ஓரத்திலிருந்து மண் சரிந்து, உள்ளே இருந்த இரண்டு கைகள்மேலும் விழுந்தது. அப்போதுதான் தெக்கிலா அதை உணர்ந்தாள். தன் கைக்குப் பக்கத்தில் மதரின் கை ஒரு கல் நத்தையை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. வெடி ஓய்ந்த பிறகும் அந்தப் பிடி தளரவில்லை.

“மதர்.”

“சொல்லு.”

“அவன் இழந்ததை அவன் திரும்பப் பார்த்தானா? பார்ப்போம்னாவது அவனுக்குத் தெரியுமா?”

மதர் பெர்பெத்துவா கையை எடுக்கவில்லை.

“தெரியாது” என்றார். “தெரியாமத்தான் தோட்டத்துலேருந்து ஆரம்பிச்சான்.”