கல்லெறிந்தவர் கூப்பிடட்டும்

நெடுங்காலத்துக்கு முன்னே, சாலை என்றால் வண்டித்தடம் மட்டுமே என்றிருந்த நாளிலே, ஒரு மாட்டுவண்டி மலைநாட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அன்று அதில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எண்ணிக்கொள்வோம்.

வண்டிக்கு உரியவர் வயிரவன் என்னும் வணிகர். அவர் மனைவி உமையாள். மகள் தெய்வானை, வயது ஆறு. உமையாளின் தம்பி சாத்தப்பன். வண்டியோட்டி கூத்தன். ஆக, மனிதர் ஐந்து. மாடு இரண்டு. வண்டிக்கு முன்னால் நடந்த நாய் ஒன்று. மொத்தம் எட்டு உயிர்.

வணிகரைக் கேட்டால் ஏழு என்பார். நாயை அவர் எண்ணுவதில்லை.

மலைமேல் இருந்த குலதெய்வக் கோயிலில் தெய்வானைக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? அதனால் சாத்தப்பனும் வந்தான். ஒன்பது நாள் வழி. எட்டாம் நாள் புலிக்காடு வரும். பொழுது இறங்குமுன் எப்படியாவது ஒரு கூரைக்குள் போய்விட வேண்டும். போகாதவர்களில் ஓர் ஆள் குறையும். அந்த வழியில் நடக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

எட்டாம் நாள் பிற்பகலில் முதல் சத்திரம் வந்தது.

சத்திரக்காரர் வெளியே வந்தார். "ஐந்து பேருக்குப் பாய் உண்டு. மாட்டுக்குத் தொழுவம் உண்டு. நாய்க்கு இடமில்லை" என்றார்.

"அது எங்கள் நாய் இல்லை ஐயா. வழியில் ஒட்டிக்கொண்டது" என்றார் வணிகர்.

அவர் சொல்லி வாய் மூடவில்லை. நாய் வந்து அவர் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. சத்திரக்காரர் செருப்பைப் பார்த்தார். வணிகரின் முகத்தைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்.

ஊரில் வணிகரின் முகத்துக்கு நேரே கதவு சாத்தியவர் ஒருவரும் இல்லை.

"பெயர் மட்டும் வயிரவன். அந்தச் சாமியின் வாகனமான நாயை யாரோ என்கிறீர்கள்" என்றாள் உமையாள்.

"பேசாமல் ஏறு" என்றார் அவர்.

பொழுது சாய்கையில் இரண்டாம் சத்திரம் வந்தது. "முதலில் நாயை விரட்டு. அப்புறம் பேசு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வணிகர் குனிந்து மூன்று கற்களைப் பொறுக்கினார். முதல் கல்லை விளையாட்டென்று எண்ணி நாய் வாலாட்டியது. இரண்டாம் கல் காதோரம் பறந்தது. நாய் தலையைச் சாய்த்து அவரையே பார்த்தது. மூன்றாம் கல் பின்னங்காலில் பட்டது. ஒரே ஒருமுறை கத்திவிட்டு நொண்டிக்கொண்டே ஓடியது.

தெய்வானை அழவில்லை. மாமனின் மடியிலிருந்து இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய், வந்த வழியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"நாய் போய்விட்டது. கதவைத் திறங்கள்" என்றார் வணிகர்.

"நீங்கள் கல் பொறுக்கிய நேரத்தில் பக்கவாசல் வழியாகப் பன்னிரண்டு பேர் வந்துவிட்டார்களே! இனி எள் போடவும் இடமில்லை" என்றது குரல்.

நாயும் போயிற்று, கூரையும் போயிற்று.

கூத்தன் மாடுகளை விரட்டி ஓட்டினான். சூரியன் மலைமுகட்டைத் தொடும்போது மூன்றாவது இடம் வந்தது. அது சத்திரம் அல்ல. முள்வேலி போட்ட ஒரு சாவடி. அதைக் காத்தவள் பேச்சி என்னும் பெண். வேலிப்படலை ஒரு சாண் மட்டும் திறந்தாள்.

"எத்தனை நாய்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் இல்லையம்மா. நாங்கள் சுத்தமான ஆட்கள்" என்றார் வணிகர்.

"அப்படியானால் இடமில்லை."

வணிகர் படலைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்கிறாய்?"

"என் நாய் போன மாதம் கிழடாகிச் செத்துவிட்டது. போன வாரம் நாயில்லாத கூட்டம் ஒன்றைச் சேர்த்தேன். புலி வேலி தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. மாலையில் ஆறு பேர், காலையில் ஐந்து. வேலிக்குள் இருந்தால் ஓட வழியில்லை. வெளியே இருந்தால் மரத்திலாவது ஏறலாம்." அவள் சாலையின் கோடியைக் கைகாட்டினாள். "அங்கே நொண்டிக்கொண்டு நிற்கிறதே, அது யாருடையது?"

"எங்களுடையதில்லை." பழக்கத்தில் அவர் வாய் சொல்லிவிட்டது.

"பொய்! அது நம்ம மணியக்காரர்!" என்று கத்தினாள் தெய்வானை.

"நாய்க்குப் பெயரா?" என்றார் வணிகர்.

"இரண்டு வருஷமாக அதுதான் பெயர், அத்தான். வண்டிக்கு முன்னால் ஊர் மணியக்காரர் மாதிரி மிடுக்காக நடக்கிறதல்லவா?" என்றான் சாத்தப்பன்.

கூத்தன் சீட்டியடிக்க வாயைக் குவித்தான். பேச்சி தடுத்தாள். "காலில் அடித்தது யார்?"

எல்லாரும் வணிகரைப் பார்த்தார்கள்.

"கல்லெறிந்தவர் கூப்பிடட்டும். கல்லெறிந்தவரைக் கண்டு ஓடுகிற நாய் புலியைக் கண்டாலும் ஓடும். அப்படிப்பட்ட நாயை நம்பி நான் படலைத் திறக்க மாட்டேன்" என்றாள்.

வணிகர் சாலையில் இறங்கினார். "ஏய் நாயே, வா இங்கே!" என்றார். நாய் அசையவில்லை.

பத்தடி நடந்தார். "மணியக்காரா! வாடா!" என்றார். நாய் இரண்டடி பின்வாங்கியது.

"அப்பா, அப்படிக் கூப்பிட்டால் வராது. மரியாதையாகக் கூப்பிடணும்" என்றாள் மகள்.

வணிகர் இன்னும் பத்தடி போனார். மண்ணில் உட்கார்ந்தார். "மணியக்காரரே," என்றார். "தப்பு என்னுடையது. வாருங்கள்."

நாய் வந்தது. நொண்டி நொண்டி நேராக அவரை நோக்கி வந்தது. அதன் பின்னங்காலில் ரத்தம் உறைந்திருந்ததை அப்போதுதான் அவர் கண்டார். கையை நீட்டினார்.

நாய் அந்தக் கையை முகரவில்லை. அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, பிடரி சிலிர்த்து, புதரைப் பார்த்து உறுமியது.

வணிகர் திரும்பிப் பார்த்தார். புதருக்குள் இரண்டு கண்கள். நடுவே ஏழு முழத் தூரம். மறுநாள் கூத்தன் அளந்து சொன்னான்.

நாய் குரைத்த குரைப்பில் மலை எதிரொலித்தது. பேச்சி தீப்பந்தத்தோடு ஓடிவந்தாள். சாத்தப்பன் செம்பைத் தட்டினான். புலி ஒரு கணம் நின்றது. திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது.

பேச்சி படலை அகலத் திறந்தாள். எல்லாரும் உள்ளே போனார்கள். நாய் கடைசியாக வந்தது.

அன்று சாவடியில் கேழ்வரகுக் களி. உமையாள் கையால் நாய் தின்றது. தெய்வானை கையாலும் தின்றது. வணிகர் தம் பங்கைத் தொடாமல் உருண்டைகளாக உருட்டி அதன் முன்னே வைத்தார். நாய் அவரைப் பார்த்தது. பிறகு வேலிப்பக்கம் திரும்பி, காவலுக்குப் படுத்துக்கொண்டது.

ஆகவே கேட்டவர்களே, கூட நடந்து வருகிறவரை யாரோ என்று கல்லால் அடித்து விரட்டினால், ஆபத்தில் அவர் வந்து காத்தாலும் அவருடைய நம்பிக்கை அன்றே திரும்பி வராது.

வணிகர் வைத்த உருண்டைகள் ஐந்து. விடிந்ததும் அவரே எண்ணிப் பார்த்தார். மீதி ஐந்து.