தட்டில் மிஞ்சிய வாஷர்

அந்தக் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடருக்கு ஐம்பத்து நாலு.

குருவின் பெயர் கோகிலவாணி. கொல்லிமலை அடிவாரத்தில், டவுன் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்டு ஒரு ஒர்க் ஷாப் வைத்திருந்தார். படிப்பு பத்தாவதோடு நின்றுபோனவர். சீடர் குழந்தைவேல், பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருஷம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். கரும்பலகையில் பிஸ்டனை ஆயிரம் தடவையாவது வரைந்திருப்பார். கையில் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நேரே இங்கே வந்து, வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

குரு சீடரை ‘சார்’ என்பார். சீடர் குருவை ‘அக்கா’ என்பார். முதல் வாரம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கே சலித்துவிட்டது.

ஒன்பதாவது மாதத்தில் ஜெபக்கனியின் வண்டி வந்தது.

ஜெபக்கனி தூத்துக்குடிக்காரர். மலையில் கிராம சுகாதார நர்ஸ். மாதத்தில் ஒரு புதன்கிழமை, தடுப்பூசிப் பெட்டியோடு ஆத்துப்பாறைக்குப் போவார். தார் ரோடு முடிந்த பிறகு ஒன்பது கிலோமீட்டர் பாதை. ஓடைக்கல், செம்மண், நடுவில் செங்குத்தாக ஒரு இறக்கம். ஸ்கூட்டரெல்லாம் அதில் பாதி தூரம்கூடத் தாண்டாது. ஜீப் சந்தையன்று மட்டும் போகும்.

அதற்காகவே அவர் ஒரு பழைய காட்டு வண்டி வைத்திருந்தார். நெட்டையான வண்டி. பட்டன் பட்டனாகப் புடைத்த டயர். ஓடைத் தண்ணீரில் முங்காமல் இருக்க, சைலன்சர் சீட்டுக்கு அடியில் மேல்பக்கமாக ஏறிப் போகும். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மலை ஊர்களில் அதற்கு ஒட்டகம் என்று பெயர்.

“ஏத்தத்துல இன்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது சார்,” என்றார் ஜெபக்கனி.

கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தது.

“இந்த வண்டி உங்களுது சார்,” என்றார் குரு. “நான் கை வெக்க மாட்டேன்.”

குழந்தைவேல் முதல்முதலாகத் தனியாகச் செய்யப்போகிற வேலை அது. பிளேட்டும் கேஸ்கட்டும் தேடிக் கோயம்புத்தூர் வரைக்கும் போன் போட்டார். கேஸ்கட் என்பது இன்ஜினுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் வைக்கிற காகிதத் தகடு. ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. வந்து சேரப் பதினோரு நாள் ஆனது.

செவ்வாய்க்கிழமை மதியம் மூடியை முடுக்கி, ஆயில் ஊற்றி, உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ரோட்டில் ஏற்றத்துக்கு ஓட்டிப் பார்த்தார். வண்டி சொன்னபடி கேட்டது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவர் இப்படிச் சிரித்திருக்க மாட்டார் என்று டீக்கடையில் ஒருவர் சொன்னார்.

பாகங்களைப் போட்டு வைத்திருந்த தட்டைத் துடைக்க எடுத்தார். தட்டின் மூலையில் ஒரு வாஷர் கிடந்தது.

மெல்லிய இரும்பு வளையம். அந்த இன்ஜினில் மூன்று இடத்தில் அதே அளவு வாஷர் வரும். கிக்கர் தண்டில் இல்லாவிட்டால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். ஆயில் பம்பு பல்சக்கரத்தில் இல்லாவிட்டால் நாளாவட்டத்தில் சத்தம் வரும். கிளட்ச் பிளேட் உட்காருகிற கூடைக்குப் பின்னால் இல்லாவிட்டால், கூடை உரசிச் சூடாகி ஒருநாள் இறுகிவிடும். அது இறக்கத்தில் நடந்தால் பின்சக்கரம் அப்படியே நின்றுபோகும். குழந்தைவேல் மூன்று இடத்தையும் மனதுக்குள் திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தார். வாஷர் போட்டதாகவும் ஞாபகம் வந்தது, போடாததாகவும் ஞாபகம் வந்தது.

குரு ஒரு ஸ்கூட்டர் டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். குழந்தைவேல் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“அக்கா, இன்ஜின் நல்லா ஓடுது.”

“ஓடுதுங்க.”

“கிளட்ச் சுத்தமாப் புடிக்குது. சுத்தமா விடுது. ஒரு சத்தம் கெடையாது.”

“கெடையாதுங்க.”

“இது தட்டுல இருந்துச்சு.” வாஷரைக் காட்டினார். “ஆபத்தான எடமா இருக்க மூணுல ஒரு வாய்ப்புதான். இந்த ஒரு வாஷருக்காகத் திரும்பவும் எல்லாத்தயும் கழட்டணுமா?”

குரு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாஷரை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பழைய பேப்பரில் ஒரு துண்டு கிழித்து அதில் மடித்தார். அதைச் சீடரின் சட்டைப்பையில் போட்டார்.

“வண்டியக் குடுக்கறப்ப இதையும் நர்ஸம்மா கையில குடுத்துருங்க சார்.”

“என்னன்னு சொல்லிக் குடுக்கறது?”

“இருக்கறதத்தான். இன்ஜினக் கழட்டி மாட்டுனேன், இது மிஞ்சிருச்சு, எந்த எடத்துதுன்னு தெரியலன்னு.”

குழந்தைவேல் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. திரும்ப டயரிடம் போய்விட்டார்.

ஜெபக்கனி ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். குழந்தைவேல் ஸ்டூலில் உட்கார்ந்து வாக்கியங்களைத் தேடினார். அறுபது பையன்களை ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரவைத்தவர் அவர். ஒரு வளையத்தைக் கையில் கொடுக்க ஒரு வாக்கியம் அகப்படவில்லை. ‘ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்கே அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜெபக்கனி வந்தார். வண்டியைத் தானே உதைத்துக் கிளப்பினார். காது கொடுத்துக் கேட்டார்.

“புது வண்டி கணக்கால்லா கேக்கு! சார், நீங்க பெரிய ஆளுதான்.”

குழந்தைவேலின் கை சட்டைப்பைக்குப் போனது. பேப்பர் பொட்டலத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“இன்னிக்கு வண்டி குடுக்க முடியாதுங்க,” என்றார்.

“என்ன சார் சொல்லுதிய? நாளைக்குப் புதன்கிழமைல்லா?”

“ஒரு வாஷர் மிஞ்சியிருக்குதுங்க. எங்க விட்டேன்னு தெரியல. தெறந்து பாக்கணும். தெறந்தா கேஸ்கட் கிழிஞ்சிரும். புதுசா வெட்டி ஒட்டிக் காயறதுக்கு நாளைக்கு மத்தியானம் ஆயிரும்.”

“சத்தம் நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்குது.”

“அப்ப குடுங்க. வந்து பாத்துக்கிடலாம்.”

“முடியாதுங்க.”

ஜெபக்கனி குருவைப் பார்த்தார். குரு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. ஜெபக்கனிக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது.

“பதினோரு பிள்ளையளு சார். தாய்மாருக்கெல்லாம் சொல்லி வச்சாச்சு. பெட்டியத் தூக்கிட்டு நடந்துதான் போவணும்.”

ஜெபக்கனி செருப்பை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதைக் குழந்தைவேல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே ஊற்றின ஆயிலைத் திரும்ப வடித்தார். மூடியைத் தட்டி எடுத்தார். பதினோரு நாள் காத்திருந்து வாங்கிய கேஸ்கட் இரண்டு இடத்தில் கிழிந்தது.

கிக்கர் தண்டைப் பார்த்தார். வாஷர் இருந்தது.

ஆயில் பம்பு பல்சக்கரத்தைப் பார்த்தார். இருந்தது.

கிளட்ச் நட்டைக் கழற்றினார். கூடையை இழுத்தார். பின்னால், எங்கே இருக்க வேண்டுமோ அங்கே, ஆயில் பூசிக்கொண்டு வாஷர் உட்கார்ந்திருந்தது.

அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். மற்ற இரண்டையும் மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்புறம் தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூலையில் எந்தக் காலத்துக் கிரீஸோ கட்டியாகக் காய்ந்து கிடந்தது. அதில் வட்டமாக ஒரு பள்ளம். பொட்டலத்தைப் பிரித்து வாஷரை அதில் வைத்தார். அச்சுக் குத்தியதுபோலப் பொருந்தியது. இவர் அந்த ஒர்க் ஷாப்புக்கு வருவதற்கு முன்னாலிருந்தே அது அங்கே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. தட்டில் பாகங்களைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவியதில் கழன்று வந்திருக்கிறது.

வேலை தொடங்கும் முன் தட்டைக் கழுவாதது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

“அக்கா, உங்களுக்கு இது தெரியுமா?”

“எனக்கு எப்படித் தெரியும்? கழட்டுனது நீங்க.”

மறுநாள் காலை கேஸ்கட் பேப்பரை மூடியின் மேல் விரித்து, விளிம்போரமாகச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினார். இரண்டு பாழாயிற்று. மூன்றாவது சரியாக வந்தது. பசை போட்டு மூடிக் காயவிட்டார். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இந்நேரம் ஜெபக்கனி எங்கே நடந்துகொண்டிருப்பார் என்று நினைத்தார். நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் குரு கூப்பிட்டார். பசியில்லை என்றார்.

நாலரை மணிக்கு ஜெபக்கனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். முழங்கால் வரை செம்மண். ஒரு செருப்பின் வார் அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். குரு தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்து முடித்து, “என்ன கோளாறு சார்?” என்று கேட்டார்.

குழந்தைவேலுக்கு நான்கைந்து பதில்கள் கையருகே இருந்தன. நல்லவேளை திறந்தோம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கும்பிடக்கூடச் செய்திருப்பார்.

“ஒண்ணுமில்லைங்க,” என்றார் குழந்தைவேல். “எல்லாம் அததுக்கான எடத்துல இருந்துச்சு. மிஞ்சுனது உங்க வண்டியோடதே இல்ல. என் தட்டு அழுக்கா இருந்துச்சு.”

ஜெபக்கனி அவரையே பார்த்தார்.

“அப்ப நேத்தே கொண்டு போயிருக்கலாம்.”

“போயிருக்கலாமுங்க.”

“பத்துப் பிள்ளைக்குத்தான் போட்டேன். நான் போய்ச் சேர நேரமாயிட்டு. ஒருத்தி காத்திருந்து பாத்துட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு மிளகு பறிக்கப் போயிட்டா. அவளுக்காவ நாளைக்குத் திரும்பப் போவணும்.”

“தப்புத்தானுங்க.”

ஜெபக்கனி சொம்பைத் திரும்ப நீட்டினார். எழுந்து பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினார். ஒரே உதையில் கிளப்பினார். நேற்றுக் கேட்ட அதே சத்தம். கொஞ்சம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறி அந்தச் சத்தம் மேலே போய்த் தேய்கிற வரைக்கும் குழந்தைவேல் ரோட்டோரத்திலேயே நின்றார்.

உள்ளே வந்தார். குரு தட்டுகளையெல்லாம் வரிசையாகக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்துத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

“ஒண்ணுமில்லாததுக்கு அவங்கள நடக்க வெச்சுட்டேன் அக்கா,” என்றார். “நேத்தே குடுத்திருந்தா ஜம்முனு வண்டியில போயிருப்பாங்க.”

“போயிருப்பாங்க சார்,” என்றார் குரு. “இங்க உக்காந்தபடியே ஒம்பது கிலோமீட்டரும் நீங்க நடந்திருப்பீங்க.”