உப்புக் கப்பலின் பன்னிரண்டாம் பாகம்

"நாப்பத்திரண்டு நாளாச்சுங்க டீச்சர். ஒரு நாதி பதில் சொல்லல," என்றார் மகுடபதி.

ஜீனத் டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யாரு பதில் சொல்லல?"

"அந்தப் புள்ளைங்கதான். வேற எவன் என்ன கேட்டாலும் ரெண்டு நிமிஷத்துல பதில் போடுதுங்க. கப்பல் என்ன கலருன்னு ஒருத்தன் கேக்கறான், அதுக்கு இருபது பேரு. நான் கேட்டா மட்டும் ஊமையாயிடுதுங்க. நான் என்னங்க பாவம் பண்ணினேன்?"

மகுடபதி முப்பது வருஷமாக அரசு பஸ் ஓட்டுகிறவர். மலைப்பாதையில் பிரேக் போன வண்டியை மரத்தில் சாய்த்து நாற்பது உயிரைக் காப்பாற்றிய ஆள். இப்போது லீவு போட்டுவிட்டு நூலகத்தில், ஒரு கம்ப்யூட்டர் முன்னால், தொலைந்த புள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். இண்டர்நெட்டில் தேடத் தெரியாதவர்களுக்குத் தேடச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஊரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு: மவுஸைத் தொடமாட்டாள். தலைகீழாக நின்றாலும் தொடமாட்டாள்.

"தேடறவங்க கைதான் தேடணும்," என்பாள். அவ்வளவுதான்.

முதல் நாள் அவர் வந்து நின்ற கோலம் டீச்சருக்கு இன்னும் மறக்கவில்லை. காக்கிச் சட்டை, சவரம் செய்யாத முகம், கையில் கிழிந்த அட்டையோடு ஒரு குழந்தைப் புத்தகம்.

"இதுக்கு அடுத்தது வேணுமுங்க."

"என்ன புத்தகம்ண்ணா?"

"உப்புக் கப்பல். பதினோரு பாகம் எம்பொண்ணு மௌனிகா படிச்சுட்டா. பதினொண்ணுல கப்பல் நடுக்கடல்ல நிக்குதுங்க. மழை ஆரம்பிக்குது. உப்புல செஞ்ச கப்பல் மழையில என்னாகும், சொல்லுங்க? கரை சேருதா இல்லையான்னு அவளுக்குத் தெரிஞ்சாகணும். பன்னெண்டாம் பாகத்துலதான் இருக்கும்."

"பொண்ணு எங்க?"

"பெரியாஸ்பத்திரில. ரத்தத்துல வியாதிங்க. பதினோரு வயசு."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். தேடினார் என்றால் அப்படி ஒரு தேடல். புத்தகக் கடைகளின் இண்டர்நெட் பக்கம் எல்லாவற்றிலும் நுழைந்து வெளியே வந்தார். கதையை வைத்து வினாடி வினா கிடைத்தது. கலர் அடிக்கும் படம் கிடைத்தது. ஒரு அம்மாள் பதினோரு புத்தகத்தையும் மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிய வீடியோ கிடைத்தது. ஒரு பக்கம் அவருடைய போன் நம்பரைக் கேட்டது, வெள்ளந்தியாகக் கொடுத்தார். அன்று தொடங்கி லோன் வேணுமா லோன் வேணுமா என்று ஒரே போன்.

ஒருமுறை பன்னிரண்டு என்று போட்ட கோப்பு ஒன்று அகப்பட்டது. துள்ளிக் குதித்தார். திறந்தால் இரண்டாம் பாகம். எவனோ நம்பரை மாற்றிப் போட்டுவிட்டான்.

ஆறேழு இடத்தில் 'மொத்தம் பதினோரு பாகம்' என்றே எழுதியிருந்தது. அதையும் படித்தார்.

"பழைய போர்டுங்க," என்றார். "எங்க பஸ் ஸ்டாண்டுலயும் அப்படித்தான். புது வண்டி விட்டு ஆறு மாசம் ஆகியிருக்கும், போர்டுல நேரத்தை மாத்தியிருக்கமாட்டானுக."

டீச்சர் மறுத்துப் பேசவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு மட்டும் வந்து நிற்பாள்.

"சாப்டுட்டுத் தேடுங்கண்ணா."

"பசிக்கலீங்க."

"சாப்பிடாம இங்க உக்காரக் கூடாது. சட்டம்."

அப்படி ஒரு சட்டம் எந்த நூலகத்திலும் கிடையாது. ஆனாலும் எழுந்துபோய் எதிர்க்கடையில் சாப்பிட்டுவிட்டு வருவார்.

மூன்றாம் நாள் மௌனிகாவே வழி சொன்னாள். "அப்பா, உப்புக் கப்பல் படிக்கற பசங்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல 'பன்னிரண்டாம் பாகம்'னு ஒரு தலைப்பு இருக்கும், அதுக்குக் கடைசியில போய்க் கேளுங்களேன்."

கேட்டார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் எழுதினார்: 'பன்னிரண்டாம் பாகம் யாரிடம் இருக்கிறது? அவசரம். மகுடபதி, டிரைவர்.'

எழுதிய இடத்தை அப்படியே குறித்து வைத்துக்கொண்டார். தினமும் வந்ததும் நேரே அந்த இடம்தான். கேள்விக்குக் கீழே பார்ப்பார். ஒன்றும் இருக்காது. மறுபடி கீழே இறக்குவார். ஒன்றும் இருக்காது.

நாற்பத்திரண்டு நாளும் இதே கதை.

"இன்னைக்கு எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணுமுங்க," என்றார் மகுடபதி. "காலையில டாக்டர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இனிமே மருந்து வேண்டாமாம். நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. வீட்டுக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சைப் புள்ளையா?"

டீச்சர் இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"வெறுங்கையோட போய் அவ மூஞ்சில எப்படிங்க முழிப்பேன்? இத்தனை நாளாத் தேடிட்டேன்னு சொல்ற அப்பனுக்கு ஒரு புஸ்தகம் கொண்டாரத் துப்பில்ல. நீங்க படிச்சவங்க. நீங்க தேடிக் குடுங்க. உங்க காலுல வேணாலும் விழறேன்."

நிஜமாகவே குனிந்தார்.

டீச்சர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். "எந்திரிங்கண்ணா. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க."

"கேளுங்க."

"வண்டி ஓட்டறப்ப எங்க பாப்பீங்க?"

"முன்னாலதான். வேற எங்க?"

"பின்னால?"

"அது கண்டக்டர் வேலைங்க."

"அப்ப உங்க தலைக்கு மேல எதுக்குக் கண்ணாடி மாட்டியிருக்கு?"

டீச்சர் மவுஸைப் பார்த்தாள்.

அவர் மெல்லக் கையை வைத்தார். திரையில் அவருடைய கேள்வி நின்றது. கீழே வெறுமை. நாற்பத்திரண்டு நாளில் முதல் தடவையாகப் பக்கத்தை மேலே நகர்த்தினார்.

கேள்விக்கு முன்னால் வரிசையாகப் பிள்ளைகள்.

'சரி.'

'சரி அக்கா.'

'நாங்க மூச்சு விடமாட்டோம்.'

'சத்தியமா.'

'எங்க ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். யாரும் சொல்லமாட்டாங்க.'

அறுபது எழுபது பேர் இருப்பார்கள். மகுடபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதற்கு இந்தச் 'சரி'? இன்னும் மேலே போனார். எல்லாச் சரிக்கும் உச்சியில் ஒரே ஒரு கடிதம். அவர் கேள்வி கேட்டதற்கு முந்தின நாள் எழுதியது.

விரலை வைத்து எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தார்.

'இதைப் படிக்கற எல்லாருக்கும். எங்கப்பா நாளைக்கு இங்க வந்து பன்னிரண்டாம் பாகம் கேட்பார். எழுதினவர் பதினொண்ணோட நிறுத்திட்டார்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. ப்ளீஸ், இல்லைன்னு யாரும் சொல்லிடாதீங்க. இருக்குன்னு பொய்யும் சொல்லாதீங்க. பேசாம இருங்க. ஆஸ்பத்திரில இருந்தா அப்பா சாப்பிடவே மாட்டேங்கறார். சுவத்தைப் பார்த்துக்கிட்டு அழறார். தேடப் போன ரெண்டு நாளும்தான் சட்டையில சாம்பார் வாசனை வந்துச்சு. மௌனிகா, வார்டு எண் ஏழு.'

மகுடபதி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அழுகையைக் கேட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

அழுகை அடங்கியதும் மகுடபதி கேட்டார். "உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"நீங்க கேள்வி போட்ட அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"இதைப் படிக்கற எல்லாருக்கும்னு எழுதியிருக்கா. நானும் படிச்சுட்டேனே."

"அப்ப நானும் இப்பப் படிச்சுட்டேன்," என்றார் மகுடபதி.

"ஆமா."

மகுடபதி திரையைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் மேசைக்கு அடியில் இருந்து தன்னுடைய டிபன் பாக்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"பசிக்கலீங்க," என்றார் அவர்.

"இது உங்களுக்கு இல்ல. மௌனிகாவுக்கு."

"அவளுக்குத் தண்ணிகூட இறங்கறதில்லீங்க டீச்சர்."

"தெரியும். கொண்டுபோங்க."

பைத்தியக்காரப் பொம்பளை என்றுதான் முதலில் நினைத்தார். சாப்பிட முடியாத பிள்ளைக்குச் சோறு கொடுத்தனுப்புகிறாள். ஆனாலும் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போனார். தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் டிரைவரின் கண்கள் அடிக்கடி பின்னால் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டே போனார்.

ஏழாம் வார்டு. மௌனிகா கட்டிலில் ஒரு துணி மடிப்பளவுதான் இருந்தாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. அந்தக் கண் முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்தது, பிறகு சட்டையைப் பார்த்தது.

"கிடைச்சுதாப்பா?"

மகுடபதி ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். சுவரைப் பார்க்காமல் மகளைப் பார்த்து உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். தயிர்சோறு. ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய்.

ஒரு வாய் அள்ளிப் போட்டார். மென்றார். விழுங்கினார்.

"இன்னும் இல்ல சாமி. நாளைக்கும் தேடணும்."

இன்னொரு வாய் அள்ளினார்.

மௌனிகா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊறுகாயைத் தொட்டுக்கங்கப்பா," என்றாள்.